கம்பி முந்தியா, காசு முந்தியா?

போன மாதம் மாமா வீட்டு முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ கரண்ட் பக்கம் போய்விட்டது. கிளிநொச்சிக்குக் கிழக்கே, ஏ9 வீதியில் இருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் உள்ளே இருக்கிற ஊர் அது. "லைற் வந்த பிறகுதான் பிள்ளை எங்கட ஊர் நிமிர்ந்தது" என்றார் மாமா. மாமி விடவில்லை. "ஊர் நிமிர்ந்த பக்கத்துக்குத்தான் லைற் வந்தது. கடையும் மில்லும் இருந்த பக்கம்தானே முதல் போஸ்ட் நட்டவங்கள்? எங்கட ஒழுங்கைக்கு எப்ப வந்தது எண்டு சொல்லுங்கோ பாப்பம்." மாமா கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இது வீட்டுக் கதை மட்டுமில்லை. மின்சாரம் வளர்ச்சியைக் கொண்டுவருகிறதா, வளர்ச்சி மின்சாரத்தைக் கொண்டுவருகிறதா என்பது பொருளியலில் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிற ஆராய்ச்சி. மாமா ஒரு கட்சி, மாமி ஒரு கட்சி என்று பேராசிரியர்களும் பிரிந்து நின்று கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க உதவுகிற கலைக்குத்தான் பொருளாதார அளவையியல் என்று பெயர், கம்பஸ் பிள்ளைகள் எக்கொனொமெற்றிக்ஸ் என்பார்கள். சூத்திரங்களைக் கண்டு பயந்து பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆனால் அதன் உள்ளே இருக்கிற யோசனைக்குப் பெரிய கணக்கு வேண்டாம். வன்னியில் வளர்ந்த எவருக்கும் அதற்கான உதாரணங்கள் கண்முன்னாலேயே கிடக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரில் இருந்தே தொடங்கலாம். எக்கொனொமெற்றிக்ஸ் என்ற சொல்லை 1926இல் இப்போதைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நோர்வேக்காரரான ராக்னர் ஃபிரிஷ். பொருளியலுக்கான நோபல் பரிசு முதன்முதலாக 1969இல் கொடுக்கப்பட்டபோது அதை யான் டின்பேர்கனோடு சேர்ந்து பெற்றவரும் அவர்தான். அவருடைய கருத்து இதுதான்: கோட்பாடு மட்டும் போதாது, எண்கள் மட்டும் போதாது, இரண்டையும் புள்ளிவிபர முறையால் கட்டிப்போட வேண்டும். எண்ணிக்கை எடுப்பது வேறு வேலை, அதைக் கிராம சேவையாளரே செய்துவிடுவார். அந்த எண்களில் எது எதற்குக் காரணம் என்று கேட்பதுதான் இந்தத் துறையின் வேலை.

அதில் எல்லோரும் முதலில் கையில் எடுக்கிற ஆயுதத்துக்கு நம் நாட்டுப் பாடப்புத்தகங்களில் பிற்செலவு என்று பெயர். செலவு என்றதும் காசு என்று நினைக்க வேண்டாம், இங்கே செலவு என்றால் பழைய தமிழில் போல "செல்லுதல்". பின்னோக்கிச் செல்லுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் கால்ற்றன் என்பவர், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தாலும் சராசரிப் பக்கம் கொஞ்சம் திரும்பி வருவதைக் கவனித்து வைத்த பெயர் அது. இன்றைக்கு அந்த உயரக் கதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிற்செலவு என்ன செய்கிறது? இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். உரம் கூடப் போட்டவருக்கு ஏக்கருக்கு எத்தனை மூடை, குறையப் போட்டவருக்கு எத்தனை மூடை என்று கேட்டு எழுதினால், கூடப் போட்டவருக்குத்தான் கூட வரும். சரி, அந்த வித்தியாசம் முழுவதும் உரத்தாலா? யார் துணிந்து உரத்துக்குக் காசு கொட்டுகிறார் என்று பாருங்கள். வாய்க்காலின் தலைப்புப் பக்கம் காணி இருக்கிறவர், சிறுபோகத்திலும் தனக்குத் தண்ணீர் நிச்சயம் என்று தெரிந்தவர். கடைசிக் காணிக்காரர் தண்ணீர் வருமோ வராதோ என்ற யோசனையில் கையை இறுக்கிப் பிடிப்பார். ஆகவே உரத்தின் பெயரில் நீங்கள் எழுதிவைத்த மூடைகளில் ஒரு பங்கு தண்ணீருக்குச் சேரவேண்டியது. பிற்செலவு செய்வது, ஒரே அளவு தண்ணீர் கிடைத்தவர்களை ஒன்றாக நிறுத்தி, அவர்களுக்குள் உரத்தால் மட்டும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது. தண்ணீர், மண், விதை, கடன் என்று பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் இப்படிப் பிடித்துவைத்துக்கொண்டு ஒப்பிட அதனால் முடியும்.

ஆனால் நீங்கள் எழுதிவைத்ததை மட்டும்தான் அதனால் பிடித்துவைக்க முடியும். படிவத்தில் இல்லாத விஷயம் கைக்குள் அகப்படாது. எல்லாத் தொல்லையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் இருந்தேன். ஒரு நிறுவனம் தன் ஆய்வை வாசித்தது. மின் இணைப்பு உள்ள கிராமங்களில் வருமானம் கூட, இல்லாத கிராமங்களில் குறைவு, ஆகவே இணைப்பு வருமானத்தை உயர்த்துகிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: அவர்களுடைய பட்டியலில் இணைப்பு உள்ள ஊர்கள் அநேகமாக ஏ9 ஓரமும் பெரிய சந்திகளும், இல்லாதவை காட்டோரக் கிராமங்கள். அது கரண்டை ஒப்பிட்ட ஆய்வு இல்லை, வீதியை ஒப்பிட்ட ஆய்வு. அந்த ஆய்வை நம்பிக் காட்டோரக் கிராமத்துக்குக் கம்பி மட்டும் இழுத்துவிட்டு வருமானம் உயரும் என்று காத்திருந்தால் யாருடைய வருடங்கள் வீணாகும்? எனக்கு இந்தத் துறையில் உண்மையான அக்கறை வந்தது அன்றைக்குத்தான்.

மாமி சொன்னது இதில் ஒரு பாதி: காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம். காசு புழங்குகிற இடத்துக்குக் கம்பி போகும். இன்னொரு பாதி, இரண்டையும் மூன்றாவது ஒன்று சேர்த்துத் தூக்கியிருக்கலாம். வன்னியில் அந்த மூன்றாவது எதுவென்று தேடவே தேவையில்லை. தொண்ணூறுகளில் இங்கே பெரும்பகுதிக்கு மின்கம்பியே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் படித்த தலைமுறை இது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர்கள் இவை. 2009இல் போர் முடிந்த பிறகு சனம் முகாம்களில் இருந்து திரும்பி வந்தது, வீட்டுத்திட்டம் வந்தது, கண்ணிவெடி அகற்றினார்கள், வீதி போட்டார்கள், வங்கிகள் வந்தன, லீசிங் கொம்பனிகள் வந்தன, தொலைபேசிக் கோபுரம் வந்தது, மின்கம்பியும் வந்தது. எல்லாமே ஒன்றாக ஏறின. இதில் எந்த இரண்டை எடுத்து வரைந்தாலும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு மேலே போகும். மின் இணைப்புகளின் எண்ணிக்கையையும் மோட்டார் சைக்கிள்களின் எண்ணிக்கையையும் போட்டுப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதற்காகக் கரண்ட் மோட்டார் சைக்கிளைப் பெற்றது என்று சொல்லமாட்டோம் அல்லவா?

இப்படி ஏறிக்கொண்டே போகிற இரண்டு கோடுகளை ஒப்பிடுவதில் இருக்கிற ஆபத்தை 1974இல் கிளைவ் கிரேஞ்சரும் போல் நியூபோல்டும் அழகாகக் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாமல், ஒவ்வொரு அடியையும் தற்செயலாக வைத்து அலைகிற இரண்டு தொடர்களைக் கணினியில் உண்டாக்கி, அவற்றுக்குள் பிற்செலவு ஓடவிட்டுப் பார்த்தார்கள். வழமையான சோதனைகள் பல தடவை "பலமான தொடர்பு இருக்கிறது" என்று சாதித்தன. இல்லாத உறவைக் கணக்கு இருக்கிறது என்கிறது. இதைப் போலித் தொடர்பு என்கிறார்கள். இதிலிருந்து தப்பும் வழிகளைத் தேடித்தான் பின்னாளில், உண்மையிலேயே ஒன்றாகக் கட்டுண்டு நகர்கிற தொடர்களை எப்படி அடையாளம் காண்பது என்ற முறையை ரொபர்ட் எங்கிலும் கிரேஞ்சரும் 1987இல் எழுதினார்கள். இரண்டு பேருக்கும் 2003இல் நோபல் கிடைத்தது.

கிரேஞ்சரின் பெயரைச் சொன்ன பிறகு அவருடைய இன்னொரு யோசனையைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் மாமா மாமி வழக்கு நேராக அங்கேதான் போகிறது. 1969இல் அவர் கேட்டது இது: நாளைக்கு வருமானம் என்ன என்று ஊகிக்க, இதுவரையான வருமான விபரம் என்னிடம் இருக்கிறது. அதோடு இதுவரையான மின்பாவனை விபரத்தையும் தந்தால் என் ஊகம் இன்னும் நன்றாக வருமா? வந்தால், மின்பாவனை வருமானத்துக்கு "கிரேஞ்சர் காரணம்" என்று சொல்லலாம். பிறகு அப்படியே திருப்பியும் பார்க்கலாம். 1978இல் ஜோன் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் என்ற இருவர் அமெரிக்காவின் 1947 முதல் 1974 வரையான விபரங்களை வைத்து இதே வகையான சோதனையைச் செய்தார்கள். வருமானம் முந்துகிறது, எரிசக்திப் பாவனை பின்னால் வருகிறது என்று வந்தது. மாமிக்கு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு வேறு நாடுகள், வேறு வருடங்கள், வேறு முறைகள் என்று செய்தவர்களுக்கு ஒவ்வொரு விதமாக வந்தது. சிலருக்கு மாமா சரி, சிலருக்கு இரண்டும் சரி, சிலருக்கு ஒன்றுமே இல்லை.

ஏன் இப்படி? "முந்துதல்" என்பதும் "காரணம்" என்பதும் ஒன்றில்லை. மழைக்கு முதல் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எறும்பு ஏறியதைப் பார்த்தால் மழையை நன்றாகவே ஊகிக்கலாம். கிரேஞ்சரின் சோதனையில் எறும்பு தேறிவிடும். அதற்காக, மழை வேண்டும் என்று எறும்பைப் பிடித்துப் புற்றில் ஏற்றிவிட்டால் குளம் நிரம்பாது. அரசாங்கம் கேட்பது இரண்டாவது வகைக் கேள்வி: நான் கையை வைத்து ஒன்றை மாற்றினால் மற்றது மாறுமா? அதற்கு ஊகிக்கிற சோதனை போதாது.

அப்போ என்னதான் வழி? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. கரண்ட் வந்ததா இல்லையா என்பதை, ஊரின் வசதியோடு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று தீர்மானித்திருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால், அதனால் கரண்ட் கிடைத்த ஊரையும் அதனால் கிடைக்காத ஊரையும் பயமில்லாமல் ஒப்பிடலாம். அந்த ஒன்றுக்குக் கருவி மாறி என்று பெயர். தென்னாபிரிக்காவில் குவாசுலு நட்டால் பகுதியை ஆராய்ந்த டாரின் டிங்கிள்மன் பிடித்த கருவி நிலத்தின் சரிவு. செங்குத்தான மேட்டில் கம்பி இழுக்கச் செலவு கூட, தட்டை நிலத்தில் குறைவு. ஆகவே பல விதத்திலும் ஒத்த இரண்டு ஊர்களில் தட்டையானதற்கு முதலில் கரண்ட் போயிருக்கும். 2011இல் வெளியான அந்தக் கட்டுரையில், கரண்ட் வந்த இடங்களில் வேலைக்குப் போகும் பெண்களின் பங்கு 9 முதல் 9.5 வீதப் புள்ளிகள் வரை கூடியதாகக் கணக்கிட்டார். விறகு தேடுவதும் அடுப்பு ஊதுவதும் குறைந்து பெண்களின் நேரம் விடுபட்டது ஒரு காரணம் என்பது அவருடைய விளக்கம்.

இதை முதல் தடவை வாசித்தபோது, எங்களுக்கும் இப்படி ஒன்று செய்யலாமே என்று பரபரப்பாக இருந்தது. ஆனால் வன்னியில் சரிவு எங்கே இருக்கிறது? குளக்கட்டில் ஏறினால்தான் உயரம் தெரியும். சரி, வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு வந்த உயர் அழுத்தக் கம்பியில் இருந்து ஒவ்வொரு ஊரும் எவ்வளவு தூரம் என்று எடுக்கலாமா? அந்தக் கம்பி தெற்கில் இருந்து வடக்கே வருகிறது, ஏ9 வீதியும் அப்படித்தான். கம்பிக்குக் கிட்ட என்றால் பெரும்பாலும் வீதிக்கும் கிட்ட. கரண்ட் செய்ததா வீதி செய்ததா என்று மறுபடியும் தெரியாமல் போகும். கண்ணிவெடி அகற்றிய ஒழுங்கை எடுக்கலாமா? வெடி அகற்றி முடியும்வரை கம்பம் நடமுடியாது என்பது உண்மை. ஆனால் வெடி கூடப் புதைந்த நிலம் சண்டை கூட நடந்த நிலம், அங்கே இழப்பும் கூட, திரும்பி வந்த சனமும் வேறு. அதுவும் சரிவராது. ஒரு நல்ல கருவிக்கு இரண்டு குணம் வேண்டும்: கரண்டை அது அசைக்க வேண்டும், கரண்டைத் தவிர வேறு எந்த வழியாலும் வருமானத்தை அது தொடக்கூடாது. முதலாவதை விபரத்தில் பார்க்கலாம். இரண்டாவதைக் கணினி சொல்லாது, ஊரைத் தெரிந்த ஆள்தான் சொல்லவேண்டும். இந்தத் துறையில் உள்ளூர்க்காரருக்கு இருக்கிற பெரிய பலம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

கருவி கிடைக்காவிட்டால் இன்னொரு வழி, சீட்டுக் குலுக்கிப் போடுவது. கென்யாவின் மேற்குப் பகுதியில் 150 கிராமப்புறச் சமூகங்களில் கென்னத் லீ, எட்வேர்ட் மிகெல், கதரின் வுல்ஃப்ரம் ஆகியோர் அதைத்தான் செய்தார்கள். எந்த ஊருக்கு இணைப்புக்கு எவ்வளவு மானியம் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். குலுக்கலுக்கு ஊரின் வசதி தெரியாது. முடிவு 2020இல் வெளிவந்தது. மானியம் குறையக் குறைய இணைப்பு எடுத்தவர்களும் வெகுவாகக் குறைந்தார்கள். எடுத்தவர்களின் மின்பாவனையோ மிகச் சொற்பம். சில காலம் கழித்துப் போய்ப் பார்த்தபோது வருமானத்திலோ சுகாதாரத்திலோ படிப்பிலோ சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை.

தென்னாபிரிக்காவில் ஒன்று, கென்யாவில் வேறொன்று. யாரோ ஒருவர் பிழை என்று அவசரப்பட வேண்டாம். கம்பி வேறு, கம்பியில் கொழுவுகிற பொருள் வேறு. ஒரு பல்ப்பும் ஒரு போன் சார்ஜரும் மட்டும் கொழுவுகிற வீட்டில் வருமானம் எப்படி உயரும்? எங்கள் ஊரையே பாருங்கள். வீட்டுக்குக் கரண்ட் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் தோட்டக் கிணற்றில் இன்னும் மண்ணெண்ணெய்ப் பம்ப்தான் கத்திக்கொண்டு இருக்கிறது, ஏனென்றால் கிணறு வீட்டில் இருந்து தூரம். அதுவரை கம்பம் நட்டு இழுக்கிற செலவும் மோட்டர் வாங்குகிற காசும் கச்சான் ஒரு போகம் நன்றாக வந்தால்தான் கையில் சேரும், அது சேர்கிற நேரம் பிள்ளையின் படிப்பு வந்து நிற்கும். வெளிச்சம் வந்துவிட்டது. அதைத் தண்ணீராகவும் அரைத்த மாவாகவும் குளிரூட்டிய மீனாகவும் மாற்றுகிற இயந்திரம் வரவில்லை. மின்சாரம் வளர்ச்சி தருமா என்ற கேள்வியை விட, யாருக்கு, எந்த இயந்திரத்தோடு சேரும்போது தரும் என்ற கேள்விதான் சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

மண்ணெண்ணெய் என்றதும் சந்தைப் பக்கம் வந்துவிட்டோம். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியது. முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சின் வைத்திருந்தவர்களும் தோட்டம் செய்தவர்களும் அந்த நாளை மறக்கமாட்டார்கள். விலை ஏறினால் பாவனை எவ்வளவு குறையும் என்பதற்குக் கேள்வியின் விலை நெகிழ்ச்சி என்று பெயர் (இங்கே கேள்வி என்றால் வாங்குகிறவர்களின் தேவை), உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு தோட்டக்காரர் முன்பு கிழமைக்கு 20 லீற்றர் ஊற்றினார், விலை ஏறியதும் 12 ஆக்கினார் என்று வையுங்கள். நடுப்புள்ளி முறையில் பாவனை மாற்றம் 8, சராசரி 16, ஆகவே 50 வீதம் குறைவு. விலை மாற்றம் 253, சராசரி 213.50, ஆகவே ஏறக்குறைய 118 வீதம் கூட. வகுத்தால் 0.42 வருகிறது. விலை 1 வீதம் ஏறினால் பாவனை அரை வீதம்கூடக் குறையவில்லை. பயிர் காய்கிறபோது யாரும் பம்பை நிறுத்தமாட்டார்கள், கடன் பட்டாவது ஊற்றுவார்கள் என்பதைத்தான் அந்த 0.42 சொல்கிறது.

ஆனால் இப்படி இரண்டு புள்ளியை வைத்து நெகிழ்ச்சி கணிப்பது ஆபத்தான வேலை. விலையும் அளவும், வாங்குகிறவர்களின் கேள்விக் கோடும் விற்கிறவர்களின் நிரம்பல் கோடும் வெட்டுகிற இடத்தில் பிறப்பவை. இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தால், நாம் பார்க்கிற புள்ளிகளைச் சேர்த்து வரைந்தால் வருவது இரண்டில் எந்தக் கோடும் இல்லை. இந்தச் சிக்கலுக்குத்தான் 1928இல் பிலிப் ரைற் என்பவர், தாவர, விலங்கு எண்ணெய்களின் இறக்குமதி வரி பற்றிய தன் புத்தகத்தின் பின்னிணைப்பு ஒன்றில் கருவி மாறி யோசனையை முதன்முதலில் எழுதினார். வானிலை விளைச்சலைக் கூட்டிக் குறைத்து நிரம்பலை அசைக்கும், வாங்குகிறவரின் ஆசையை அசைக்காது. ஆகவே வானிலையால் வந்த விலை மாற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கேள்விக் கோடு தெரியும். கரண்டுக்குச் சொன்ன அதே யோசனைதான்.

அதை எங்கள் மண்ணெண்ணெய்க் கதையில் வைத்துப் பாருங்கள். விலையைக் கொழும்பு தீர்மானித்தது, கிளிநொச்சித் தோட்டக்காரரின் தேவை தீர்மானிக்கவில்லை. அது நல்லது. ஆனால் ஆவணி முடிந்து இரண்டு மாதத்தில் ஐப்பசி மழை வருகிறது, பம்புக்கே வேலை இல்லை. குறைந்த லீற்றர்களில் எத்தனை விலையால், எத்தனை மழையால்? அதைவிட முக்கியமானது, விலை ஏறுவதற்கு முந்திய மாதங்களில் 87 ரூபாய் என்பது பலகையில் எழுதியிருந்த விலை மட்டும்தான். பெற்றோல் செட்டில் எண்ணெய் இல்லை. இரவிரவாகக் கான்களை வரிசையில் வைத்துவிட்டு நுளம்புக்குள் படுத்துக் கிடந்தவருக்கு அந்த லீற்றரின் உண்மையான விலை என்ன? இரண்டு நாள் கூலியையும் சேர்த்தால் 340ஐத் தாண்டியிருக்கும். அப்படியானவருக்கு விலை ஏறவில்லை, இறங்கியது. விபரக்கோவையில் இருக்கிற 87ஐ அப்படியே நம்பிப் பிற்செலவு ஓடவிட்டால், விலை ஏற ஏறச் சனம் கூட வாங்குகிறது என்ற முடிவு வந்தாலும் ஆச்சரியமில்லை. இப்படி ஒரு முடிவு எதிர்காலத்தில் எங்காவது அச்சில் வந்துவிடக்கூடாது என்று நான் உண்மையாகவே கவலைப்படுகிறேன், ஏனென்றால் வரிசையில் நின்ற நேரத்தை எந்தத் திணைக்களமும் எழுதி வைக்கவில்லை.

நாடு முழுவதையும் எடுத்தாலும் இதே பொறிதான். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது, அந்த வருடம் மொத்த உள்நாட்டு உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. மின்வெட்டு உற்பத்தியைச் சுருக்கியது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எரிபொருள் வாங்க டொலர் இல்லாததால்தான் மின்வெட்டு. அதே டொலர் இல்லாததால் மூலப்பொருளும் வரவில்லை. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தடை வயலை வேறு அடித்திருந்தது. மூன்றாவது ஆள் மறுபடியும் பின்னால் நிற்கிறார். உலக எண்ணெய் விலையிலும் இப்படித்தான்: 1983இல் ஜேம்ஸ் ஹமில்ற்றன், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்கப் பொருளாதாரச் சரிவுகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணெய் விலை ஏறியிருந்ததைக் காட்டினார். 2009இல் லூட்ஸ் கிலியன், விலை ஏன் ஏறியது என்று முதலில் கேளுங்கள் என்றார். எண்ணெய்க் கிணறுகள் நின்றதால் ஏறிய விலையும், உலகம் முழுவதும் தொழில் சூடுபிடித்துக் கேள்வி கூடியதால் ஏறிய விலையும் ஒரே விளைவைத் தராது.

கடைசியாக ஒரு உதாரணம், எனக்கு மிகவும் பிடித்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இறுதியில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள், மொத்தம் 103.5 மெகாவாற். சோளகம் பிடித்தால் அவை நன்றாகச் சுழலும். மின்சந்தையை ஆராய்கிறவர்களுக்குக் காற்று ஒரு வரப்பிரசாதம், ஏனென்றால் கொழும்பில் எத்தனை பேர் ஏசி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக் காற்று வீசுவதில்லை. காற்று கூடிய நாளில் டீசல் ஆலைகள் எவ்வளவு குறைகின்றன, உற்பத்திச் செலவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். பிலிப் ரைற்றின் வானிலைக்குச் சொந்தத் தம்பி இது.

ஆனால் ஊர்க்காரர் ஒரு கேள்வி கேட்பார்: சோளகம் வீசுகிற அதே மாதங்களில் மலைநாட்டில் என்ன நடக்கிறது? அந்தத் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் அங்கே மழையாகக் கொட்டுகிறது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி நீர்மின்சாரம் கூடுகிறது. ஆகவே காற்றுக் கூடிய மாதத்தில் செலவு குறைந்தால், அந்த நன்மையில் மன்னாரின் பங்கு எவ்வளவு, மலையின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. மாதத்துக்கு மாதம் ஒப்பிடாமல், ஒரே மாதத்துக்குள், குளங்களின் நீர்மட்டமும் ஒரே மாதிரி இருக்கிற நாட்களில் காற்று வீசிய நாளையும் ஓய்ந்த நாளையும் ஒப்பிட்டால் ஓரளவு தப்பலாம். உரத்தையும் தண்ணீரையும் பிரித்தோமே, அதே வேலை.

மாமா வீட்டுக்கு மறுபடி போனபோது கொப்பி ஒன்று கொண்டுபோனேன். ஊரில் ஏழு ஒழுங்கை. ஒவ்வொன்றுக்கும் முதல் கம்பம் எப்போது வந்தது, அதற்கு முதல் அங்கே என்ன கடை, என்ன இயந்திரம் இருந்தது, யார் எப்போது மோட்டர் வாங்கினார் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஏழு ஒழுங்கையை வைத்து எந்தச் சோதனையும் ஓட்ட முடியாது என்பது தெரியும், ஆனாலும் இது எழுதாமல் போனால் பிறகு கேட்க ஆள் இருக்காது. எங்கள் ஒழுங்கைக்கு 2013 என்றார் மாமா, இல்லை அடுத்த வருடம் என்றார் மாமி. முதல் பில் காணிப் பெர்மிற்றோடு பிஸ்கற் பேணிக்குள் பத்திரமாக இருந்தது. 2014 பங்குனி. சந்தி மில் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். 2011, அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டீசல் எஞ்சினோடுதான் தொடங்கினார்களாம், கம்பம் அந்தப் பக்கம் வந்தது அதற்குப் பிறகு. ஆனால் மாமா சும்மா விடவில்லை. கரண்ட் வந்த பிறகுதான் அதே மில்லில் மிளகாய் அரைக்கிற மெசின் இரண்டும் சேர்ந்தது, அதையும் எழுது என்றார். எழுதினேன். வாற கிழமை பக்கத்து ஒழுங்கை.